நெவில் நல்ல உழைப்பாளி

நெவில் ஆல்டர்சனுக்கு ஸ்பெயின் கொடுத்திருந்த விசாவில் முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். அவர் வேலை செய்யக்கூடாது. பென்ஷனிலும் சேமிப்பிலும் வாழலாம், வெயில் காயலாம், வரி கட்டலாம். கூலிக்கு ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் ஆயுள் முழுக்கப் பாய்லர் பழுதுபார்த்து ஓய்ந்த மனிதருக்கு இதைவிடச் சுலபமான நிபந்தனை இருக்க முடியாது என்றுதான் அவர் மனைவி பாலின் நினைத்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அவரும் சிரித்தார்.

"வேலை பார்க்காம இருக்கறதுக்கு ஒரு அரசாங்கம் சர்டிபிகேட் குடுக்குது பாரு. இதுக்குத்தானே நான் பொறந்தேன்."

அவர்கள் வந்தது பாலினின் கைகளுக்காக. விரல் மூட்டுகள் வீங்கி, குளிர்காலத்தில் பால் பாட்டில் மூடியைக்கூட அவளால் திறக்க முடியாமல் போயிருந்தது. வறண்ட இடமாகப் பார்த்துப் போங்கள் என்றார் டாக்டர். பிரிட்டன் ஐரோப்பாவோடு சேர்ந்திருந்த காலமாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியிருக்கலாம். அப்படி வந்தவர்கள் தெற்கு ஸ்பெயினின் இந்த அல்மான்ஸோரா பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள். இவர்கள் அந்த வாசல் மூடிய பிறகு வந்தவர்கள். பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ், போலீஸ் சான்று, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. கிரிம்ஸ்பி வீட்டை விற்ற பணத்தைக் கணக்கில் காட்டித்தான் முதல் வருட விசா கிடைத்தது. ஆகவே திரும்பிப் போவதென்றால் போய் நிற்க வீடு இல்லை. லீட்ஸில் மகன் இருந்தான். அவனிடம் ஒரே ஒரு கூடுதல் அறை இருந்தது, அதில் அவன் சைக்கிள்கள் இருந்தன.

வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அவர்கள் வீடு வாங்கிய லா ஹோயிகா சின்ன ஊர். வந்த மாதமே பக்கத்து வீட்டு என்கார்னாவின் கேஸ் ஹீட்டர் பற்றிக்கொள்ளாமல் அடம்பிடித்தது. நெவில் சும்மா எட்டிப் பார்க்கப் போனார். அரை மணி நேரத்தில் வெந்நீர் வந்தது. அடுத்த வாரம் அவள் கொழுந்தன் வீடு. பிறகு பேக்கரி. பிறகு யார் யார் என்று பாலினுக்கே நினைவில்லை. நெவில் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் படியில் முட்டை இருக்கும். பாதாம் இருக்கும். ஒருமுறை தோலுரித்த முயல் ஒன்று, தலையோடு, செய்தித்தாளில் சுற்றி இருந்தது. பாலின் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாள்.

அப்போது அவளுக்கு இதில் சந்தோஷம்தான். நெவில் விசில் அடித்துக்கொண்டு வீடு திரும்பினார். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் வார்த்தைகள் மொத்தமும் குழாய், வால்வு, நன்றி, கசிவு என்பவைதான். அதை வைத்துக்கொண்டே ஊரில் பாதிப்பேரோடு நட்பாகியிருந்தார்.

பயம் தொடங்கியது பக்கத்து நகரமான அல்போக்ஸின் சந்தையில். இங்கிலீஷ்காரர்கள் கூடும் காபிக்கடையில் கிளெனிஸ் என்பவளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் கணவர் ஒரு நண்பரின் பாரில் சனிக்கிழமைகளில் கிளாஸ் கழுவிக் கொடுத்தாராம். ஒருநாள் தொழிலாளர் துறை ஆட்கள் வந்தார்கள். விசா புதுப்பிப்பு நிராகரிக்கப்பட்டது.

"கிளாஸ் கழுவினதுக்கா?" என்று பாலின் கேட்டாள்.

"கழுவினதுக்குதான்," என்றாள் எதிரே இருந்தவள். "அவங்க நாய் இப்ப எங்க வீட்ல இருக்கு. ராத்திரியெல்லாம் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, பாவம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பாலின் பேசவில்லை. காரை நிறுத்தியதும் சொன்னாள்.

"இனிமே யார் வீட்டுக்கும் போகாத நெவில்."

"நான் காசு வாங்கறதில்லையே."

"அவரும் வாங்கல. கிளாஸ்தான் கழுவினார்."

விசாக்களைக் கவனித்துக்கொண்ட மாரிபாஸ் பக்கத்து ஊர் மருந்துக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்தாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள். ஜனவரியில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு நாற்காலியைத் திருப்பி நெவிலைப் பார்த்தாள்.

"பதில் வர்ற வரைக்கும் நீங்க ஒரு பூனை, நெவில். சாப்பிடுங்க, தூங்குங்க, வெயில்ல படுங்க. ஸ்பேனரைத் தொடாதீங்க."

"பூனைகூட எலி பிடிக்குமே."

"நீங்க எலி பிடிக்காத பூனை."

அவர் கேட்டுக்கொண்டார். கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். யாராவது கதவைத் தட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் விளக்கினார். "பேப்பர். பிரச்சனை. எனக்கு வேலை இல்லை." முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு அதையே எல்லோரிடமும் சொன்னார். பேக்கரிக்காரரிடம் சொன்னார். என்கார்னாவிடம் இரண்டு முறை சொன்னார்.

என்கார்னாவுக்கு அது நன்றாகவே புரிந்தது, அல்லது புரிந்ததாக அவள் நினைத்தாள். அவள் அண்ணன்கள் இளவயதில் ஜெர்மனிக்குப் போய் உழைத்தவர்கள். முதலாளி நல்லபடி எழுதிக் கொடுத்தால்தான் அங்கே பேப்பர் கிடைக்கும். போன வருடம்தான் பாதாம் தோப்பில் வேலை செய்த மொராக்கோக்காரன் திரிஸுக்கு ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவனுக்கும் பேப்பர் கிடைத்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் பேப்பர் பிரச்சனை, வேலை இல்லை என்று சொன்னால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் அவள் மூச்சு வாங்க மேடேறி வந்தாள். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. கையில் இரண்டு தாள்கள்.

"பவுலினா, உக்காரு. உக்காந்து கேளு." பாலினை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பாலினுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். லா ஹோயிகா மக்களாகிய நாங்கள் அறிவிப்பது. நெவில் ஆல்டர்சன் நல்ல உழைப்பாளி. வந்த நாள் முதல் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. எங்கள் ஹீட்டர்கள், குழாய்கள், பேக்கரியின் அடுப்பு எல்லாவற்றையும் அவர்தான் சரி செய்து தருகிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருவார். இப்படிப்பட்ட தொழிலாளி இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் இல்லை. அவர் எங்களுக்கு வேண்டும்.

கீழே கையெழுத்துகள். இரண்டாவது தாள் முழுக்கக் கையெழுத்துகள்.

பாலினின் காதில் உழைப்பாளி என்ற வார்த்தையும் தொழிலாளி என்ற வார்த்தையும் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டன.

"இதை என்ன பண்ணப்போற, என்கார்னா?"

"பண்ணப்போறதா? பண்ணியாச்சு. இது உனக்கு ஜெராக்ஸ். காலையிலயே முனிசிபல் ஆபீஸ்ல இருக்கற தோன்யா சீல் போட்டு கம்ப்யூட்டர்ல அனுப்பிட்டா. நான் இந்த மேடேறி வர்றதுக்குள்ள அது மாகாண ஆபீஸ்ல போய் உக்காந்திருக்கும்." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "காபி போடு."

பாலின் காபி போட்டாள். காபிப் பாத்திரத்தின் மூடியைத் திருக அவள் விரல்களுக்கு வரவில்லை. என்கார்னாவே எழுந்து வந்து திருகிக் கொடுத்தாள். அவளிடம் என்ன சொல்வது? வீடு வீடாக ஏறி இறங்கி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறாள். கால்கள் வீங்கியிருந்தன. முகமெல்லாம் பெருமை. பாலின் அவளைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

நெவில் வந்ததும் தாளைக் கொடுத்தாள். போனில் மொழிபெயர்த்து வரிவரியாகப் படித்தார். படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை. திட்டப்போகிறார் என்று பாலின் காத்திருந்தாள்.

"கம்பெனியை விட்டு நின்னப்ப ஒரு கடிகாரம் குடுத்தாங்க," என்றார் கடைசியில். "ஒருத்தனும் இப்படி எழுதினதில்ல."

"நெவில், இதனால நம்மள வெளிய அனுப்பப் போறாங்க."

"தெரியும். இருந்தாலும் இதை நான் பத்திரமா வெச்சுக்குவேன்."

பாலின் மாரிபாஸுக்குப் போன் செய்து சொன்னாள். மறுமுனையில் லைட்டர் சொடுக்கும் ஓசை கேட்டது.

"எத்தனை பேர் கையெழுத்து?"

"எல்லாரும். பாதிரியார்கூட."

"அவர் வீட்டு ஹீட்டருமா?"

"சர்ச்சோட ஹீட்டர்."

"கடவுளே," என்றாள் மாரிபாஸ். "சரி. படிக்காம மூலையில போட்டுட்டாங்கன்னா நமக்கு அதிர்ஷ்டம். யார் கண்ணுலயாவது பட்டா விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பார்ப்போம்."

யார் கண்ணிலோ பட்டுவிட்டது. அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. மனுதாரர் ஊதியத்துக்கான தொழில் செய்வதாகத் தெரியவருகிறது. பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும். பாலின் அன்றிரவு சாப்பிடவில்லை. விலை போகாமல் கேட்பாரற்றுக் கிடக்கப்போகும் இந்த வீடு, மகனின் சைக்கிள்கள், கதவையே பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய், எல்லாம் மாறி மாறி வந்தன. மறுநாள் மாரிபாஸ் சொன்னதைக் கேட்டபோது இன்னும் கலங்கினாள். பணம் கொடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது எழுதித் தரவேண்டும். என்கார்னா தந்தால் நல்லது, முதல் கையெழுத்து அவளுடையதுதான். அப்படியானால் அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

பாலினும் மாரிபாஸும் என்கார்னாவின் சமையலறையில் அவளோடு உட்கார்ந்தார்கள். மாரிபாஸ்தான் சொன்னாள். வேகமாக, சொந்த ஊர்ப் பேச்சில். பாலினுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் என்கார்னாவின் முகம் மாறுவது புரிந்தது. மேஜைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை அவள் ஒவ்வொன்றாகக் கையால் கூட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆக, நான்தான் உங்களைத் துரத்திட்டேன்," என்றாள்.

"இல்ல, என்கார்னா. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல? காபி குடிச்சுட்டு, ரெண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போனேன். நீ என் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சே."

என்கார்னா மாரிபாஸ் பக்கம் திரும்பினாள்.

"வேலை செஞ்சா தப்புன்னு சொல்ற தேசத்தை நான் கேள்விப்பட்டதே இல்ல. எது இந்த தேசம்?"

"நம்ம தேசம்தான்மா."

"அப்படியா? சரி, எழுது. காசு குடுக்கல. குடுக்கப் போனேன், அவர் வாங்கல. முட்டைதான் குடுத்தேன். எண்ணெய் குடுத்தேன். முயல் ஒண்ணு குடுத்தேன்."

மாரிபாஸ் எழுதுவதை நிறுத்தினாள். "முட்டை வேணாம்மா. பொருளா குடுத்தாலும் கூலின்னு சொல்லுவாங்க. வெறுமனே ஒண்ணும் குடுக்கலன்னு போட்டுடலாம்."

"ஒண்ணும் குடுக்கலையா?"

"பேப்பர்ல மட்டும்தான்."

என்கார்னா கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள். "என் வீட்டுத் தொட்டிக்கு அடியில ஒரு மனுஷன் முழங்காலை மடக்கிப் படுத்து வேலை செய்வான், நான் அவனை வெறுங்கையோட வாசல்ல விட்டுட்டுக் கதவைச் சாத்திக்குவேன்னா? அப்படின்னு சீல் போட்டு ஆபீஸ்ல வெச்சுக்குவாங்களா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"உங்க பேர் கெட்டா என்ன, அவங்க வீடு போகுது."

"முட்டை இல்லாம போடமாட்டேன்."

மாரிபாஸ் பாலினைப் பார்த்தாள், நீயாவது சொல் என்பதுபோல. பாலின் சொல்ல வேண்டியது எளிது. தயவுசெய்து போட்டுவிடு, எனக்காக. சொன்னால் என்கார்னா போட்டுவிடுவாள். அதுவும் பாலினுக்குத் தெரியும். அதனாலேயே அவளால் சொல்ல முடியவில்லை.

"முட்டையை எழுதுங்க," என்றாள். "நான் திருப்பிக் குடுத்ததையும் எழுதுங்க. ஆரஞ்சு ஜாம். கிறிஸ்துமஸுக்குக் கேக்."

"அந்தக் கேக் கல்லு மாதிரி இருந்துச்சு," என்றாள் என்கார்னா. "ஆனா குடுத்தா. அதையும் எழுது."

மாரிபாஸ் கொஞ்ச நேரம் பேனாவைப் பல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியைச் சட்டம் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை, அந்தப் பிரிவைப் போட்டு முட்டையையும் ஜாமையும் அதற்குள் நுழைத்துப் பார்க்கிறேன் என்றாள். நம்பிக்கையோடு சொன்ன மாதிரி இல்லை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பதில் போனது.

அதன் பிறகு காத்திருப்பு. பாலின் காலையில் எழுந்ததும் போனில் அலுவலகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது. மதியம் பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது. தபால்காரியின் மஞ்சள் வண்டி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். புது விரிப்பு வாங்க வேண்டியிருந்தது, வாங்கவில்லை. தோட்டத்தில் எலுமிச்சைக் கன்று வைக்க நெவில் குழி தோண்டியிருந்தார். கன்றை வாங்காமலே விட்டார்கள். அந்தக் குழியில் மழைத் தண்ணீர் நின்றது.

மார்ச்சில் ஒரு நாள் மாடியிலிருந்து பார்த்தபோது என்கார்னா முற்றத்தில் விறகடுப்பில் பெரிய பானையை ஏற்றியிருந்தாள். மறுநாளும் ஏற்றினாள். மூன்றாம் நாள் பாலின் சுவரோரம் போய்க் கேட்டாள்.

"ஹீட்டர் போச்சா?"

"இல்லையே. விறகு வெந்நீர்தான் உடம்புக்கு நல்லது."

"என்கார்னா."

"போச்சு. அதனால என்ன? நெவிகிட்ட சொல்லாத. அவர் கண்ணைப் பாத்தா எனக்குத் தாங்காது."

நெவிலுக்குத் தெரிந்துதான் இருந்தது. புகை வரும் நேரத்தில் அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளங்கைகளைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர் மாதிரி. பாலின் அன்று மாலையே என்கார்னாவைத் தங்கள் வீட்டுக்குக் குளிக்கக் கூப்பிட்டாள். முதலில் மறுத்தாள். பிறகு துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறையில் உட்கார்ந்தாள். முட்டை கொண்டு வந்திருந்தாள். பாலின் அதைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரிக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் மாரிபாஸ் போன் செய்தாள்.

"பாலின், கெடு நேத்தோட முடிஞ்சது."

"என்ன சொல்லிட்டாங்க?"

"ஒண்ணும் சொல்லல. புதுப்பிப்புக்கு மூணு மாசத்துல பதில் சொல்லலன்னா சரின்னு அர்த்தம். விளக்கம் கேட்டுக் காத்திருந்த நாளைக் கழிச்சும் முடிஞ்சுபோச்சு. உங்களுக்குக் கிடைச்சிருச்சு."

"யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. சட்டம் குடுத்தது."

"ஆனா யாராவது சரின்னு சொல்லணுமே."

"சொல்லாததுதான் சரி. எனக்குத் தெரிஞ்சு இதைவிடப் பத்திரமான சரி கிடையாது, பாலின். போய் ஒரு கிளாஸ் வைன் குடிங்க."

பாலினால் குடிக்க முடியவில்லை. யாரோ ஓர் அதிகாரி முட்டையையும் கல்லுக் கேக்கையும் படித்துவிட்டு, சரி போகட்டும் என்று மேஜை ஓரத்தில் தள்ளி வைத்தாரா? அல்லது அந்தத் தாள் யாருமே பிரிக்காத ஒரு கட்டுக்குள் கிடந்ததா? அப்படியென்றால் நாளைக்கே யாராவது பிரித்துவிட்டால்? மாரிபாஸ் மேலும் எழுதிப்போட்டு ஒரு சான்றிதழ் வாங்கித் தந்தாள். பதில் அளிக்கப்படாததால் அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று அதில் இருந்தது. கொள்ளப்படுகிறது என்ற வார்த்தை பாலினுக்குப் பிடிக்கவில்லை.

ஜூனில் விரல் ரேகை கொடுக்கப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். நெவிலின் ரேகை உடனே பதிந்தது. பாலினின் விரல் கண்ணாடிமேல் தட்டையாகப் படியவில்லை. இயந்திரம் மறுத்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை. பின்னால் வரிசை நீண்டது. இதோ, இங்கேதான் முடியப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கவுன்டரில் இருந்த இளம்பெண் எழுந்து வெளியே வந்து பாலினின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். அவசரமில்ல. மெதுவா வைங்க."

பதிந்தது.

குடியிருப்பு அட்டைகளை ஒரு மாதம் கழித்துப் போய் வாங்கினார்கள். பச்சையும் ரோஜா நிறமுமாக, படத்தில் நெவிலுக்குத் திருடன் களை. இரண்டு வருடம். பின்பக்கம் சிறிய எழுத்தில், வேலை செய்ய அனுமதி இல்லை. காரிலேயே பாலின் அடுத்த புதுப்பிப்பு எந்த மாதம் வரும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். நெவில் வழியில் தோட்டக்கடையில் நிறுத்தி, அவளைக் கேட்காமலே, ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கினார்.

என்கார்னா வாசலிலேயே நின்றிருந்தாள். அட்டைகளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நெவிலின் படத்தைப் பார்த்து, "பாவம், என்ன ஆச்சு இவருக்கு?" என்றாள். பிறகு பாலினைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நெவிலிடம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை அல்போக்ஸ்லேர்ந்து ஆள் வர்றான் ஹீட்டருக்கு. சின்னப் பையன். ஒண்ணும் தெரியாது. நீங்க தொட வேணாம். பக்கத்துல நின்னு, இப்படிப் பண்ணு அப்படிப் பண்ணுன்னு வாயால சொன்னா போதும்."

நெவில் பாலினைப் பார்த்தார். கைகள் தாமாகவே பின்னால் கட்டிக்கொண்டிருந்தன.

"பேசறது வேலை இல்லையே?" என்றார்.

பாலின் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையில் கை விட்டுப் போனைத் தேடினாள்.

"இரு. மாரிபாஸ்கிட்ட கேட்டுடறேன்."